அடி தட்டாமல் காரை வீட்டுக்குள் ஏற்றுவது எப்படி?

"எல்லாரும் இறங்குங்க!"

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் முடியும். திருச்சியில் இருந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்திருப்போம். பாட்டி மடியில் தூக்குவாளி, அம்மா மடியில் வாழைப்பழச் சீப்பு, தம்பி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். வீடு கண்ணுக்கு எதிரே இருக்கும். அப்பா கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் திரும்பாமலே அந்த வாக்கியத்தைச் சொல்வார். நாங்கள் தெருவில் இறங்கி நிற்போம். காலி வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டே மேலே ஏறும். அதன் பின்னாலேயே பாட்டி, ஒரு கை சுவரிலும் ஒரு கை என் தோளிலுமாக, அதே சரிவில் நடந்து ஏறுவார்.

சோம்பேறித்தனத்தில் யாராவது இறங்காமல் உட்கார்ந்துவிட்டால் 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம் வரும். கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பாவின் முகம் அப்போது போகும் போக்கைப் பார்த்தால், யாரோ அவருடைய முதுகை வைத்துத் தேங்காய் துருவினாற்போல இருக்கும்.

போன தடவை கேண்டீன் சாம்பாரைப் பற்றி எழுதிவிட்டு வகுப்பில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன் :-) அதனால் இந்தத் தடவை யாரையும் வம்புக்கு இழுக்காமல், எங்கள் வீட்டுச் சரிவைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, இதிலும் வம்பு இருக்கிறது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் கோபம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், இந்தச் சரிவு எங்கிருந்து வந்தது?

எங்கள் வீடு 1994-இல் கட்டியது. தென்சென்னைப் பக்கம், ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி. கட்டியபோது தெருவில் இருந்து வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டுமாம். பழைய ஆல்பத்தில் அப்பாவும் அம்மாவும் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்தபோது ஒரு படிதான் இருந்தது. மற்ற இரண்டும் எங்கே போயின? தாருக்கு அடியில்! தெருவில் சாலை போட வரும்போதெல்லாம் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது அடுக்கைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் சில அங்குலம். வீடு அப்படியே இருக்க, தெரு மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

2015 டிசம்பரில் என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என் நான்காம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் கூழாகிப்போயின. அதோடு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். 2018-இல் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். பார்க்காதவர்கள் நம்ப மாட்டீர்கள். சுவருக்கு அடியில் உடைத்து, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். வீடு அங்குலம் அங்குலமாக மேலே வரும். இடையில் விழும் இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டே வருவார்கள். அப்படித்தான் வீட்டுத் தரை தெருவில் இருந்து மூன்றடி உயரத்துக்குப் போனது.

வீடு மேலே போனதும், கார் நிற்கும் போர்டிகோவையும் கூடவே தூக்கிவிட்டோம். இடிபாட்டையும் மண்ணையும் கொட்டி, மேலே தளம் போட்டு, வீட்டுக்கும் போர்டிகோவுக்கும் ஒரே ஒரு படி வித்தியாசம் மட்டும் வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை என்னவென்றால், போர்டிகோ இப்போது தெருவில் இருந்து இரண்டரை அடி உயரம். கேட்டில் இருந்து போர்டிகோ விளிம்பு வரை உள்ள தூரமோ பத்தே அடி.

இப்போது கணக்கு

பத்தடி தூரத்தில் இரண்டரை அடி ஏற்றம் என்றால் நான்குக்கு ஒன்று. சதவீதத்தில் 25, கோணத்தில் 14 டிகிரி. சக்கர நாற்காலிக்கான சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது பொது அளவு. அதைப்போல மூன்று மடங்கு செங்குத்தான சரிவில்தான் என் பாட்டியை நடக்க வைத்துக்கொண்டிருந்தோம். இது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

கார் மூன்று இடத்தில் தட்டலாம். ஒன்று, ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் சரிவில் இடிக்கலாம். இரண்டு, சரிவு முடிந்து தட்டையாகும் விளிம்பில், முன் சக்கரம் மேலேயும் பின் சக்கரம் சரிவிலும் இருக்கும்போது வண்டியின் நடு வயிறு தட்டலாம். மூன்று, பின் சக்கரம் சரிவில் கால் வைத்ததும் வண்டியின் வால் தெருவில் உரசலாம். வண்டி செய்கிறவர்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கோணம் வைத்திருக்கிறார்கள். அப்ரோச் ஆங்கிள், பிரேக்ஓவர் ஆங்கிள், டிபார்ச்சர் ஆங்கிள்.

எங்கள் வீட்டில் முக்கிய வில்லன் நடு வயிறு. எங்களுடையது சாதாரண செடான். வீல்பேஸ் 2450 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. கிளியரன்ஸை இரண்டால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால் 0.133. கால்குலேட்டரில் இன்வர்ஸ் டான் போட்டால் சுமார் 7.6 டிகிரி. அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 15 டிகிரி வரை மடங்கிய விளிம்பை எங்கள் வண்டி தட்டாமல் தாண்டும்.

எங்கள் சரிவு 14 டிகிரிதானே, பிறகு ஏன் தட்டுகிறது? அந்த 163 மி.மீ. காலி வண்டிக்கான அளவு. அம்மா, பாட்டி, தம்பி, நான், டிக்கியில் அரிசி மூட்டை எல்லாம் ஏறிய பிறகு டேப்பை வைத்து அளந்தேன். நடுவில் நான்கு செ.மீ. இறங்கியிருந்தது. 123 மி.மீ. வைத்துக் கணக்குப் போட்டால் பதினொன்றரை டிகிரிதான் வருகிறது.

காலி வண்டிக்கு 15. சரிவு 14. நிறைந்த வண்டிக்குப் பதினொன்றரை. "எல்லாரும் இறங்குங்க" என்பதன் மொத்த விஞ்ஞானமும் இந்த மூன்று எண்ணுக்குள் இருக்கிறது. அப்பா இயற்பியல் படித்தவர் இல்லை. ஆனால் இதைக் காதால் கண்டுபிடித்திருக்கிறார்!

கீழ்ப்பக்கம் இன்னொரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. மழைநீர் ஓடுவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். பொதுவாக 2 முதல் 2.5 சதவீதம். அதனால் தெரு நடுவில் இருந்து கேட்டை நோக்கித் திரும்பும் வண்டி முதலில் லேசாக இறங்குகிறது, உடனே ஏறுகிறது. இறக்கத்தின் கோணமும் ஏற்றத்தின் கோணமும் கூடித்தான் பம்பருக்கு அடி விழுகிறது. எங்கள் வீட்டில் 14-ஓடு இன்னும் ஒன்றரை டிகிரி.

சரி, ரிவர்ஸில் ஏற்றினால் தப்பிக்கலாமா? எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். காகிதத்தில் வரைந்து பாருங்கள். முன்னால் ஏற்றினாலும் பின்னால் ஏற்றினாலும் வண்டியின் இரண்டு முனையும் அந்த மடிப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கோணம் மாறுவதில்லை. சாய்வாக ஏற்றினால் பலன் உண்டு. சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறும், சரிவும் கொஞ்சம் குறைந்ததுபோல ஆகும். ஆனால் அதற்குக் கேட் அகலமாக இருக்க வேண்டும். எங்களுடையது எட்டடி. சாய்த்தால் கண்ணாடி போய்விடும். சரிவின் அடியில் பிரேக் அடிக்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போவது நல்லது. பிரேக் அடித்தால் மூக்கு இன்னும் கீழே குனியும்.

அமெரிக்காவிலும் இதே கதை

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. சியாட்டிலில் இருக்கும் என் அத்தை மகன் ஒரு டிரக் கேம்பர் வாங்கினார். பிக்கப் டிரக்கின் பின் தொட்டியில் தூக்கி வைக்கிற குட்டி வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, சிலவற்றில் கழிப்பறைகூட உண்டு. இழுத்துக்கொண்டு போகும் கேரவன் மாதிரி இதற்குத் தனிச் சக்கரம் கிடையாது. மூலைகளில் ஜாக்கி இருக்கும். ஊர் சுற்றி முடித்ததும் ஜாக்கிகளை இறக்கி அந்தக் குட்டி வீட்டை நிற்க வைத்துவிட்டு, டிரக்கை மட்டும் அடியில் இருந்து உருவிக்கொண்டு வந்துவிடலாம். (வீட்டை ஜாக்கியில் நிறுத்தும் குடும்பம் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!)

சியாட்டில் மேடும் பள்ளமுமான ஊர். அவருடைய வீட்டு டிரைவ்வே தெருவில் இருந்து சடாரென்று ஏறுகிறது. பெரிய கேம்பர்கள் ஒரு டன்னுக்கு மேல் எடை. அந்த எடையில் டிரக்கின் பின்பக்கம் அமுங்கிவிடும். போதாததற்கு, கேம்பரின் வால் தொட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் நாளே வால் சிமெண்டில் உரசியது.

அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டிரக்கின் பின் சஸ்பென்ஷனில் காற்றுப் பை போட்டு அமுங்கலைக் குறைத்தார். தடிமனான இரண்டு பலகைகளை வாங்கி வைத்துக்கொண்டார். வண்டியை ஏற்றும்போது, வால் தட்டும் இடத்தில் பின் சக்கரங்கள் பலகை மேல் ஏறுகிற மாதிரி போடுவார். வண்டி உள்ளே போனதும் இறங்கி வந்து பலகையை எடுத்து கராஜில் வைத்துவிடுவார். "அங்கேயே சிமெண்ட் பூசிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். சிரித்தார். நடைபாதையும் அதன் விளிம்புக் கல்லும் நகரத்துக்குச் சொந்தமாம். அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாதாம். அதனால் கஷ்டம் எல்லாம் அவருடைய வண்டிக்கும் அவருடைய பலகைக்கும்தான். தெருவில் நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோம்?

எங்களிடமும் ஒரு 'பலகை' இருந்தது. முன் பம்பர் இடிக்கிறது என்று கேட்டுக்கு வெளியே ஓர் இரும்புத் தகட்டைச் சாய்த்துப் போட்டிருந்தோம். இரண்டடி அகலம், வரிவரியாகப் புடைப்பு உள்ள தகடு. இரண்டு ஓரத்திலும் சிமெண்ட் வைத்துப் பதித்தாயிற்று. அதை யாரும் எடுத்ததில்லை. எடுக்கவும் முடியாது. புடைப்பெல்லாம் சக்கரம் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டது.

2023 நவம்பர். விடியற்காலை, தூறல். வாசலில் 'தடால்' என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் எங்களுக்குப் பேப்பர் போடும் பையன் சைக்கிளோடு கிடக்கிறான். ஓரமாக வந்தவன், ஈரத் தகட்டில் சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறான். பேப்பர்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அம்மா தூக்கி உட்கார வைத்து காபி கொடுத்தார். "பரவால்லமா, நான் பாத்து வந்திருக்கணும்" என்றான். இந்த வாக்கியம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. எங்கள் தகடு, அவனுடைய தெரு. ஆனால் மன்னிப்புக் கேட்டவன் அவன்!

வலது மணிக்கட்டில் முறிவு, மாவுக்கட்டு. அவனும் என்னைப் போலக் கல்லூரி மாணவன்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நம் வாசலுக்கு வருபவனிடம் அதுகூடக் கேட்டதில்லை. அந்த செமஸ்டர் தேர்வை வேறொருவர் கையால் எழுத வைத்து எழுதினான். மருத்துவச் செலவை அப்பா கொடுத்தார். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டதா என்ன?

அடுத்த வாரமே அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்தார். தகட்டை எடுக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. கொத்தனார் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், தகடு வழுக்கத்தான் செய்யும். கான்கிரீட்டா போட்டுடுவோம். ஸ்லோப்ப வெளிய நாலடி இழுத்து விட்டா பம்பரும் தட்டாது, அடியும் தட்டாது. பதினஞ்சாயிரத்துல முடிச்சிடலாம். தெருவுல எல்லாரும் அப்படித்தான போட்டிருக்காங்க?"

ஆமாம், எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் எங்கள் தெருவின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு ஒரு சரிவு. ஒன்று மூன்றடி, ஒன்று ஐந்தடி, ஒன்றுக்கு மேல் டைல்ஸ் வேறு. ஓரத்தில் தொடர்ந்து பத்து அடி நடக்க முடியாது. கோடி வீட்டுத் தாத்தா வாக்கரை வைத்துக்கொண்டு நட்ட நடுத் தெருவில் நடப்பார். வண்டிக்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுவார்கள். நானும் எத்தனையோ தடவை 'ஏன் இந்தத் தாத்தா ஓரமாகப் போக மாட்டேன் என்கிறார்' என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். அவருக்கு ஓரம் என்று ஒன்றை நாம் விட்டு வைத்தோமா?

டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. தூக்கிய வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அந்த வகையில் அப்பா ஜெயித்தார். ஆனால் தெருவில் தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. சாலை ஓரத்தில் மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்க வேண்டிய வாய்கள் எல்லாம் யாருடையதோ சரிவுக்கு அடியில் இருந்தன. கடைசியில் ஆள் வந்து நாலைந்து சரிவுகளை உடைத்துத்தான் தூர் எடுத்தார்கள். தண்ணீர் தேங்குகிறது என்று வீட்டைத் தூக்குகிறோம், வீடு உயர்ந்ததால் சரிவை வெளியே இழுக்கிறோம், சரிவு வடிகாலை அடைப்பதால் தண்ணீர் தேங்குகிறது. இந்தச் சுழலில் நாம் எல்லாரும் பங்குதாரர்கள்.

என் கட்சி

நான் சொல்ல வருவது இதுதான். அடி தட்டுவது என் வண்டி, ஏற வேண்டியது என் வீடு. அப்படியானால் அந்தச் சரிவின் ஒவ்வோர் அங்குலமும் என் கேட்டுக்கு உள்ளேதான் முடிய வேண்டும். கேட்டுக்கு வெளியே ஓர் அடிகூட எனக்கு உரிமை இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது நியாயமான கேள்வி. "தெருவ உசத்தினது யாரு? நானா? அவங்க உசத்துவாங்களாம், நான் மட்டும் என் எடத்த வெட்டிக்கணுமா?" உண்மைதான். பழைய அடுக்கைச் சுரண்டாமல் சாலை போடுவது பெரிய அநியாயம். 2021-இல், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடக் கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அது ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான். உங்கள் தெருவில் சாலை போட வந்தால் முதலில் மில்லிங் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

ஆனால் சாலை போட்டவர் மேல் உள்ள கோபத்தை வாக்கர் வைத்திருக்கும் தாத்தாவிடம் காட்டலாமா? தெருவை உயர்த்தியது பேப்பர் பையனா? சாலை போட்டவர் போட்டுவிட்டுப் போய்விட்டார். நாம் கட்டும் சரிவில் விழுகிறவர் வேறு யாரோ. அவருக்குக் காரும் இல்லை, கேட்டும் இல்லை.

"உள்ளே இடம் இல்லையே" என்பது அடுத்த வாதம். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பாகப் பிரிவினை மாதிரி, உயரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தரைக்கு மூன்றடி உயரம் தேவை, சரி. போர்டிகோவுக்கு ஏன் இரண்டரை அடி? வீட்டைத் தூக்கினோம் என்பதற்காக அதையும் தூக்கினோம், அவ்வளவுதான். யாரும் யோசிக்கவில்லை. வெள்ளம் வந்தால் வீட்டால் ஓட முடியாது. காரால் முடியும்!

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. 2015-இல் எங்கள் பழைய கார் முழுகிப்போனதை அவரால் மறக்க முடியாது. இரண்டு மாதம் வீட்டில் பட்டிமன்றம். ஒரு பக்கம் பதினைந்தாயிரம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட எண்பதாயிரம் வேறு. கடைசியில் தீர்ப்புச் சொன்னது பாட்டிதான். "அந்தப் பையன் கை ஒடிஞ்ச வாசல்ல மறுபடியும் கட்டுறதா? என் கண்ணு முன்னாடி வேண்டாம்ப்பா."

2024 கோடையில் போர்டிகோவை உடைத்தோம். உள்ளே கொட்டிய மண்ணை ஒன்றரை அடி வெளியே அள்ளினோம். இப்போது போர்டிகோ தெருவில் இருந்து ஓரடி உயரம். பத்தடியில் ஓரடி, அதாவது 10 சதவீதம், ஆறு டிகிரிக்கும் குறைவு. நிறைந்த வண்டியின் பதினொன்றரை டிகிரிக்கு இது சர்வ சாதாரணம். போர்டிகோவில் இருந்து வீட்டுக்கு நான்கு படி, பக்கத்தில் கைப்பிடி. வெளியே ஒன்றும் இல்லை. தகடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

ஒரு சிக்கல் வந்தது, சொல்லிவிடுகிறேன். செய்யப் போகிறவர்களுக்கு உதவும். எங்கள் கேட் முன்பு வெளிப்பக்கம் திறந்தது (அதுவும் தெருவை அடைக்கிற வேலைதான்). அதை உள்பக்கம் திறக்க வைத்தால் சரிவில் இடிக்கும். ஒரு கதவின் அகலம் நான்கடி, சரிவு 10 சதவீதம், ஆகவே கதவின் அடியில் ஐந்து அங்குலம் இடைவெளி விட வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் ஒரு நாய்க்குட்டி உள்ளே வந்து குடும்ப உறுப்பினர் ஆகிவிட்டது. இடம் இருந்தால் பக்கவாட்டில் தள்ளும் கேட் போடுங்கள். நாய்க்குட்டி வேண்டுமென்றால் எங்கள் முறை :-)

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் ஓரமாகக் கார்கள் வரிசை கட்டி நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்கள் காரும் நின்றது. அப்பா முதல் நாளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். கேலி செய்யலாம் என்று பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, விட்டுவிட்டேன்.

எல்லாராலும் எண்பதாயிரம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். தெருவை ஒட்டியே வாசல் உள்ள சின்ன வீடுகளில் பத்தடி என்பதே கனவு. அவர்களுக்கு என் அத்தை மகனின் வழிதான் சரி. பலகையோ, சின்னச் சாய்வுத் துண்டோ வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறும்போது போடுங்கள், ஏறியதும் எடுத்து உள்ளே வையுங்கள். தினம் இரண்டு தடவை குனிந்து நிமிர வேண்டும். அது நம் வண்டிக்காக நாம் படும் சிரமம். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை. வரைபடம் போடும்போதே கார் நிற்கும் தரையின் உயரத்தையும், கேட்டில் இருந்து அதற்கு உள்ள தூரத்தையும் கேளுங்கள். ஏற்றத்தைத் தூரத்தால் வகுங்கள். பத்துக்கு ஒன்று வந்தால் கவலை வேண்டாம். ஐந்துக்கு ஒன்றைத் தாண்டினால் உங்கள் வீட்டிலும் "எல்லாரும் இறங்குங்க" கேட்கும். இடம் இருந்தால் சரிவின் அடியிலும் முடிவிலும் ஒரு வீல்பேஸ் நீளத்துக்குப் பாதிச் சரிவாக வைத்தால் மடிப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். வயிறு தட்டாது.

போன வாரம் திருச்சியில் இருந்து வந்தோம். நாங்கள் ஐந்து பேரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க, வண்டி சத்தமில்லாமல் ஏறி நின்றது. பாட்டி தூக்கத்தில் இருந்து விழித்து, "இறங்கணுமா?" என்று கேட்டார். "வீட்டுக்குள்ள வந்தாச்சு பாட்டி" என்றேன்.

உங்கள் வீட்டுச் சரிவு எத்தனைக்கு எத்தனை? அதில் கேட்டுக்கு வெளியே எத்தனை அடி? ஒரு டேப் எடுத்து அளந்து சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் அளந்துவிட்டுத் திட்டுங்கள்.

பி.கு.: பேப்பர் பையன் இப்போது இறுதி ஆண்டு. இன்னும் எங்கள் தெருவில்தான் பேப்பர் போடுகிறான். கை சரியாகிவிட்டது. ஆனால் எங்கள் வாசல் வந்தால் பழக்க தோஷத்தில் சைக்கிளை இன்னும் நடுத் தெருவுக்கு ஒடிக்கிறான். 'இப்ப அங்க ஒண்ணும் இல்லப்பா' என்று நானும் மாடியில் இருந்து கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.